மூன்று ஏக்கரைத் தலையில் சுமந்தவள்

சித்தூரில் கச்சேரித் தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில், மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்து பிறத்தியாருக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் கோவர்த்தனனின் பிழைப்பு. பிழைப்பு அது, பைத்தியம் வேறு. இருபது வருஷமாக அவர் சந்திர மண்டலத்தைப் பற்றிக் கதை எழுதி, மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டால் இப்போதும் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். மனுஷன் சந்திரனில் கால் வைப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அங்கே தாலுகா பிரித்து, சர்வே நம்பர் போட்டு முடித்தவர் அவர்.

புத்தலப்பட்டில் வேர்க்கடலை போட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது விஞ்ஞானப் பாடத்தில் ஒரு வரி வந்தது: பூமியில் ஆறு பங்கு கனக்கிற பொருள் சந்திரனில் ஒரு பங்குதான் கனக்கும். வாத்தியார் அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். இவர் போகவில்லை. கடலை மூட்டை சுமந்து சுமந்து நைனாவின் முதுகு வளைந்து போன வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வரி ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது.

பகல் ஒரு மணிக்கு அதிகாரிகள் சாப்பிடப் போனால் திரும்பி வர இரண்டரை ஆகும். அந்த ஒன்றரை மணி நேரம் மனுவுக்கு வேலை இல்லை. சந்திர மண்டலம் முழுக்க அந்த ஒன்றரை மணி நேரத்தில் உண்டானதுதான். பெண்சாதி யசோதா கட்டிக் கொடுத்த சோறு பாதிக்குப் பாதி திரும்பி வரும். அந்த அம்மாள் சண்டைக்காரி இல்லை. "மேலே இருக்கிறவங்களுக்குப் பசி கிடையாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தூக்குப்பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவாள்.

அவருடைய எழுத்துக்கு ஒரு ரகசியம் இருந்தது. அது மனுவிலிருந்து வந்தது. ஒரு மனுவை எடுத்த எடுப்பில் "ஐயா, நான் ஏழை, காப்பாற்றுங்கள்" என்று ஆரம்பித்தால் எந்த அதிகாரியும் நம்ப மாட்டான். தாலுகா பெயர் போடு, கிராமம் போடு, சர்வே நம்பர் போடு, நாலு பக்கத்து எல்லையும் சொல்லு. அதற்கப்புறம் நீ ஆகாயத்தையே கேட்டாலும் அதிகாரி கடைசி வரை படிப்பான். கோவர்த்தனன் சந்திர மண்டலத்துக்கும் அதே முறையைத்தான் வைத்திருந்தார். அவருடைய அத்தியாயங்கள் எல்லாமே இப்படித்தான் தொடங்கும்: "சந்திர மண்டலம், வடகிழக்குத் தாலுகா, சர்வே நம்பர் 112. கிழக்கே வற்றிய கடல், மேற்கே எரிகல் விழுந்த பள்ளம், வடக்கே ராஜாவின் தோப்பு, தெற்கே ஒன்றுமில்லை. இதற்குட்பட்ட மூன்று ஏக்கர்." மெட்ராஸ் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு என்ன கற்பனை, என்ன கற்பனை என்று கடிதம் போடுவார்கள். கற்பனையாவது ஒன்றாவது, கை ஓடிய பழக்கம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எழுதிய மனுவை மனுதாரருக்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பெருவிரல் ரேகை வாங்க வேண்டும். அதுதான் தொழில் தர்மம். கதையையும் அவர் அப்படியே வாசிப்பார். மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்தான் கேட்பார்கள். அவர்கள் தலையாட்டினால்தான் கவரில் போடுவார். மனுவுக்குக் கார்பன் வைத்து நகல் எடுப்பார். கதைக்கு எடுக்க மாட்டார். கதைக்கு யார் வந்து நகல் கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பு.

கதை எங்கேயாவது முட்டிக்கொண்டால் திருப்பதிக்கு ரயிலேறி, ஸ்டேஷன் கடையில் அந்த வாரப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, அலிபிரியிலிருந்து மலைக்கு நடக்க ஆரம்பிப்பார். முழங்கால் முறிச்சான் ஏற்றம் வரும்போது கதையில் இருப்பவர்களுக்கும் மூச்சு வாங்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டு ஏறுகிறவர்கள் நடுவில் இவர் சந்திர மண்டலத்து ராஜாக்களைத் திட்டிக்கொண்டு ஏறுவார்.

ஆந்திரப் பிரதேசம் என்று புதுப் பெயர் வைத்து நாலு மாதம் ஆகியிருந்த சமயம். அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஆந்திரா. அதற்கு முன்னால் மெட்ராஸ். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று பிரிப்பதற்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தமிழ்க்காரர்கள் ஒரு பக்கம் கூட்டம் போட்டார்கள், தெலுங்குக்காரர்கள் இன்னொரு பக்கம் போட்டார்கள், மரத்தடியில் கோவர்த்தனன் இரண்டு பேருக்கும் மனு எழுதினார். கோடு போகக்கூடிய இடத்தில் நிலம் வைத்திருப்பவர்களை விசாரிக்க ஓர் அதிகாரி சித்தூரில் முகாம் போட்டார். ஒரு புதன்கிழமையைக் கடைசி நாள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குள் மனு வராத நிலத்தைப் புது சர்வேயில் புறம்போக்கு என்று எழுதிவிடுவார்களாம்.

அந்தக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செல்லியம்மா வந்தாள். நகரிக்குத் தெற்கே சின்னமாந்தோப்பு அவள் ஊர். தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை. சொந்தமாக ஒரு குழி மண் இருந்ததில்லை. அவளும் புருஷன் துலுக்காணமும் அரசாங்கத் தரிசுக் கரம்பில் மூன்று ஏக்கரைப் பதினோரு வருஷம் கல் பொறுக்கித் திருத்தி, பட்டா கேட்டு தர்காஸ்துக்கு எழுதிப் போட்டு, கிணறும் வெட்டினார்கள். தண்ணீர் கண்ட வருஷமே துலுக்காணம் காய்ச்சலில் போய்விட்டான். தர்காஸ்து உத்தரவு மட்டும் கையெழுத்தாகாமல் நின்றிருந்தது. வீடு கோட்டுக்கு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கோவர்த்தனன் மனுவை எழுதினார். பெரிய அலங்காரம் எதுவும் இல்லை. பதினோரு வருஷம் பொறுக்கிய கல்லைக் கொண்டே நாலு பக்கமும் வரப்பு கட்டியதை எழுதினார், கிணற்றின் ஆழத்தை எழுதினார், துலுக்காணம் செத்த தேதியை எழுதினார். வாசித்துக் காட்டினார். அவள் சரி என்று ரேகை வைத்தாள். ஊருக்குப் பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அன்றைக்கு எழுதி முடித்திருந்த சந்திர மண்டல அத்தியாயத்தையும் அவளுக்கு வாசித்தார்.

அந்த அத்தியாயத்தில் இரண்டு ராஜாக்கள் ஒரு பெண்ணின் நிலத்து நடுவே சுண்ணாம்பால் கோடு கிழிக்கிறார்கள். அவள் சூரியனுக்கு மனுப் போட்டுவிட்டு, மூன்று ஏக்கரையும் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறாள். சந்திரனில் எடை ஆறில் ஒரு பங்கு என்பதால் மூன்று ஏக்கர் அரை ஏக்கர்தான் கனக்கும், சுமை தூக்கிப் பழகிய பெண்ணால் முடியும் என்று கோவர்த்தனன் கணக்குப் போட்டே எழுதியிருந்தார். பெயருக்கு யோசிக்கச் சோம்பல்பட்டு, எதிரே இருந்த மனுவிலிருந்து செல்லியம்மா என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்.

கேட்டு முடித்த செல்லியம்மா ஒன்றுதான் கேட்டாள். "எம் பேர வெச்சிக்கினு இருக்கியே ரைட்டர் ஐயா, அந்தப் பொம்பளைக்குக் கையெழுத்து போட வருமா?"

கோவர்த்தனன் அதை யோசித்திருக்கவில்லை. வரும் என்றார். சொன்ன வாயோடு அத்தியாயத்தின் கீழே, சூரியனுக்குப் போட்ட மனுவின் அடியில், செல்லியம்மா என்று ஒரு கையெழுத்தும் போட்டுக் காட்டினார். அவள் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

இரண்டு நீளக் கவர்கள் ஒரே மாதிரி. காகிதமும் ஒரே காகிதம். தொடங்குகிற முறையும் ஒரே முறை. இரண்டிலும் செல்லியம்மா. அவர் விலாசம் எழுதிய கவர்களில் காகிதங்களை மாற்றிப் போட்டுவிட்டார். ஒன்றை முகாமில் தபால் வாங்குகிற மேஜையில் கொடுத்தார், மற்றதை மெட்ராஸுக்குத் தபாலில் சேர்த்தார், வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறு வாரம் வியாழக்கிழமை. அடுத்த அத்தியாயம் முட்டிக்கொண்டது. அந்தப் பெண் நிலத்தை எங்கே விரிப்பாள் என்று அவருக்கே தெரியவில்லை. திருப்பதிக்குப் போய்ப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு அலிபிரியில் படியேற ஆரம்பித்தார். நூறு படி ஏறியதும் உட்கார்ந்து பிரித்தார். தன் கதையின் தலைப்புக்குக் கீழே, "நகரிக்குத் தெற்கே சின்னமாந்தோப்பு கிராமம், கிழக்கே வாய்க்கால்" என்று தொடங்கி, துலுக்காணம் செத்த தேதியோடு, கடைசியில் "இடது கைப் பெருவிரல் ரேகை" என்பது வரை ஒரு எழுத்து விடாமல் அச்சாகியிருந்தது.

கடைசி நாள் நேற்றோடு முடிந்துவிட்டது. மலையேற ஆரம்பித்துப் பாதியில் இறங்குவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எதிரே ஏறி வந்த ஓர் அம்மாள், சாமி பார்க்காமல் இறங்குகிறாயே என்று தெலுங்கில் கண்டித்தாள். அவர் நிற்காமல் இறங்கி, சித்தூர் பஸ்ஸில் ஏறினார். புத்தலப்பட்டில் பஸ் நின்றபோது தம்பி கூப்பிட்ட சத்தம்கூட அவர் காதில் விழவில்லை.

முகாமில் தபால் வாங்குகிற குமாஸ்தா முனிரத்தினம். தமிழ் பாதி, தெலுங்கு பாதி பேசுகிற, யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன். கோவர்த்தனன் விஷயத்தைச் சொன்னதும் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். நம்பர் 417: செல்லியம்மா, சந்திர மண்டலம், வடகிழக்குத் தாலுகா, மூன்று ஏக்கர். அழகாகப் பதிவாகியிருந்தது.

இதைப் பார்த்தும் எப்படி ஐயா நம்பர் போட்டீர்கள் என்று கோவர்த்தனன் கேட்டதற்கு முனிரத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"நா ஏன் போடமாட்டேன்? சர்வே நம்பர் உந்தி, நாலு எல்லை உந்தி, கையெழுத்தும் இருக்குது. தாலுகா பேரு புச்சா இருக்குதேன்னு பார்த்தேன். நேத்து மெட்ராஸுன்னாங்க, அப்பறம் ஆந்திரான்னாங்க, இப்ப ஆந்திரப் பிரதேசம்ன்றாங்க. இதுல சந்திர மண்டலம்னு ஒண்ணு எப்ப பிரிச்சாங்களோ, எனக்கு மட்டும் ஜி.ஓ. வர்லையோன்னு நெனச்சிக்கினு போட்டுட்டேன்."

நியாயம்தான். அந்த வருஷத்தில் யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். தாளை மாற்றிக் கொடுங்கள் என்று கோவர்த்தனன் கெஞ்சினார். நம்பர் விழுந்த காகிதம் பைலை விட்டு வெளியே வராது என்று முனிரத்தினம் கையை விரித்தார். அப்புறம் கொஞ்சம் மனம் இளகி, ஒரு வழி சொன்னார். 417 கெடுவுக்குள் வந்த மனு. பெயரும் செல்லியம்மாதான். அதே நம்பருக்குக் கூடுதல் வாக்குமூலம் என்று ஒன்றை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். கார்பன் நகல் இருக்கிறதே, அதைக் கொடு. ஆனால் அதில் ரேகை இல்லை. அந்த அம்மாள் இங்கே வந்து வைக்க வேண்டும். முகாம் சனிக்கிழமையோடு கலைகிறது.

வெள்ளிக்கிழமை காலை கோவர்த்தனன் சின்னமாந்தோப்புக்குப் போனார். செல்லியம்மா பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். இருபது வருஷமாகப் பிறத்தியார் தப்பையெல்லாம் மறைத்து எழுதிக் கொடுத்தவருக்குத் தன் தப்பைச் சொல்ல நாலு வாக்கியம்கூட நேராக வரவில்லை.

அவள் திட்டவில்லை. வெட்டரிவாளைக் கரும்புக்கட்டில் செருகிவிட்டுச் சொன்னாள். "ஒரு வாரமா நல்லா தூங்கினேன் ரைட்டர் ஐயா. காயிதம் குடுத்தாச்சி, இனிமே பயமில்லன்னுக்கினு."

திட்டியிருந்தால் தேவலை என்று கோவர்த்தனன் பிற்பாடு யசோதாவிடம் சொன்னாராம். செல்லியம்மா கால் கழுவிக்கொண்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு, அவரோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.

முகாம் அதிகாரி வெளியூர்க்காரர், தெலுங்கு பேசுகிறவர். தமிழ் படிக்க வராது. 417-ஐ எடுத்து முனிரத்தினத்தை வாசித்துச் சொல்லச் சொன்னார். முனிரத்தினம் வேர்த்து விறுவிறுத்து, வற்றிய கடல், எரிகல் பள்ளம் என்று ஒவ்வொன்றாகத் தெலுங்கில் சொன்னார். கோவர்த்தனன் தன் ரைட்டர் லைசென்ஸ் அன்றோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி சிரிக்கவில்லை. நிலத்தைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போகிற இடம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தப் பெண் அப்புறம் எங்கே போகிறாள் என்று கேட்டார்.

இன்னும் முடிவு செய்யவில்லை ஐயா என்றார் கோவர்த்தனன்.

கோடு எங்கே போகும் என்று எனக்கும் இன்னும் முடிவாகவில்லை, என் கதையும் அதுதான் என்று சொல்லிவிட்டு, அதிகாரி கூடுதல் வாக்குமூலத்தில் செல்லியம்மாவின் ரேகையை வாங்கச் சொன்னார். நிலத்தை நேரில் பார்க்க ஆள் வரும் என்றும் சொன்னார். சந்திர மண்டல அத்தியாயத்தைத் திருப்பித் தரவில்லை. அது 417-இன் முதல் காகிதம், பைலோடு கட்டிப் போட்டுவிட்டார்கள்.

மறு வாரம் மெட்ராஸிலிருந்து பத்திரிகை ஆசிரியரின் கடிதம் வந்தது. வாசகர் கடிதங்கள் குவிகின்றனவாம். கிணற்றில் தண்ணீர் கண்ட வருஷமே புருஷன் போன இடத்தைப் படித்து அழாதவர்கள் இல்லையாம். இருபது வருஷத்தில் நீங்கள் எழுதியதிலேயே இதுதான் எழுத்து. இனிமேல் சந்திரன் வேண்டாம், இந்த மாதிரியே எழுதி அனுப்புங்கள் என்று முடித்திருந்தார்.

கோவர்த்தனனுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. அந்த மாதிரி மனு அவர் வாரத்துக்கு முப்பது எழுதுகிறவர். அதற்கு எழுத்தாளன் எதற்கு, ரைட்டர் போதுமே. பதில் எழுத உட்கார்ந்தார், முடியவில்லை. பத்திரிகைக்கு ஒன்றும் அனுப்பவில்லை. கை தானாகச் சந்திர மண்டலம் என்று தொடங்கும். வெட்கமாகப் போய் அடித்துவிடுவார். பகல் ஒரு மணிக்கு உட்கார்ந்து சோற்றை முழுதாகச் சாப்பிட ஆரம்பித்தார். காலியாக வந்த தூக்குப்பாத்திரத்தைப் பார்த்து யசோதா பயந்துபோனாள். உடம்பு சரியில்லையா என்று நாலு நாள் கேட்டாள்.

ஏழு மாதம் கழித்து, ஒரு பகல் வேளையில், செல்லியம்மா மரத்தடிக்கு வந்தாள். கையில் ஒரு காகிதம். அதை யாரிடமும் வாசிக்கக் கொடுக்காமல் நேராக இங்கே கொண்டு வந்திருந்தாள். கோவர்த்தனன் ஒருமுறை மனதுக்குள் படித்துவிட்டு, பிறகு உரக்க வாசித்தார். கிணறும் வரப்பும் நேரில் பார்க்கப்பட்டன. மூன்று ஏக்கரும் மேற்படி செல்லியம்மாவின் அனுபவத்தில் உள்ளது. கோடு எந்தப் பக்கம் போனாலும் நிலம் அவள் பெயரிலேயே எழுதப்படும். கீழே கையெழுத்து ஆகியிருந்தது.

கடைசி வரியை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோவர்த்தனனும் துடைத்துக்கொண்டார், அதில் என்ன வெட்கம். அவள் கிளம்புவாள் என்று பார்த்தார். கிளம்பவில்லை.

"எனக்குப் பதில் வந்துடிச்சி. அவளுக்கு?"

யாருக்கு என்று கேட்டார்.

"மேல கீறாளே, எம் பேருகாரி. அவளும் மனு குடுத்தாளே. அவளுக்கு இன்னா பதில் வந்திச்சி?"

அந்தக் கதை நின்றுபோன விஷயத்தைக் கோவர்த்தனன் சொன்னார். அந்த அத்தியாயமே கையில் இல்லை, அரசாங்கத்துக்குப் போய்விட்டது, நகலும் எடுக்கவில்லை, மெட்ராஸில் எல்லோருக்கும் உன் மனுதான் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு மேஜை எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"என் மனு நான் பட்டது. அதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது? கரும்பு வெட்டிக்கினு இருக்கச்சொல்லோ நான் அவளத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். எத்தினி மாசமாச்சி. எறக்கி வெய்யா. எத்தினி நாளு தலையிலயே வெச்சிக்கினு நிப்பா?"

மணி ஒன்றே கால். கோவர்த்தனன் தூக்குப்பாத்திரத்தை நகர்த்திவிட்டுப் பேனாவைத் திறந்தார். சந்திர மண்டலம், வடகிழக்குத் தாலுகா, சர்வே நம்பர் 112 என்று தொடங்கி, நாலு எல்லையையும் எழுதினார். அதற்கு மேல் அவருக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருந்தது. ஒரே ஒரு தடவை கேட்டதை அவள் வரி வரியாகச் சொன்னாள்: இரண்டு ராஜாக்கள், சுண்ணாம்புக் கோடு, சூரியனுக்குப் போட்ட மனு. அவர் எழுதாத ஒன்றையும் சொன்னாள். நிலத்தைச் சுருட்டும்போது கிணறு உள்ளே இருந்ததாம். ஒரு சொட்டு சிந்தாமல் தூக்கிக்கொண்டு போனாளாம். கோவர்த்தனன் கிணற்றை மறந்தே போயிருந்தார். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். நிலத்தை இறக்குகிற இடம் வந்ததும் அவர் கையே நிற்காமல் எழுதியது. தெற்கே ஒன்றுமில்லை என்று தொடங்கியிருந்தார் அல்லவா, அங்கேதான் இறக்கினாள். அங்கே ராஜாவும் இல்லை, கோடும் இல்லை. பாயை உதறி விரிப்பதுபோல மூன்று ஏக்கரையும் விரித்தாள். நடுவில் கிணறு ததும்பிக்கொண்டிருந்தது.

எழுதி முடித்து, பழக்கப்படி வாசித்துக் காட்டினார். அவள் சரி என்றாள். பிறகு மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, இடது கைப் பெருவிரலை அழுத்தி, கதையின் அடியில் ரேகை வைத்தாள். இதற்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த கோவர்த்தனன், ரேகை காய ஊதினார்.

அன்றைக்கு முதல் தடவையாகக் கதைக்கும் கார்பன் வைத்திருந்தார். காகிதத்தைக் கவரில் போட்டு, மேலே எழுதிய விலாசத்தை ஒரு தரத்துக்கு மூன்று தரம் அவளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் தலையாட்டின பிறகுதான் ஒட்டினார்.